என்னைப் படிப்பித்தவரின் வகுப்பை நான் எப்படி மதிப்பிடுவேன்?

முற்றத்து வேம்பு எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். பதினைந்து வருடங்கள் கடந்துவிட்டன. ஒரு கிழமையாக ஒரு விடயம் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர்கள், படிப்பித்து ஓய்வுபெற்றவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

எங்கள் துறையில் இந்த அரையாண்டு சகபாடி மதிப்பீடு தொடங்குகிறது. ஒரு விரிவுரையாளரின் வகுப்பில் இன்னொரு விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் அமர்ந்து பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். பெயர்களைச் சோடி சேர்த்துப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். என் பெயருக்கு நேரே இருந்தது, என்னைப் படிப்பித்த சேரின் பெயர்.

2002 ஆம் ஆண்டு, போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ-9 பாதை திறந்த அந்த வருடம், நான் முதலாம் வருட மாணவி. அவரிடம்தான் நுண்கணிதம் படித்தேன். ஒரு சார்பின் தொடர்ச்சி என்றால் என்ன என்பதை அதுவரை வெறும் சூத்திரமாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். அவர் கரும்பலகையில் ஒரு வளையியை வரைந்து, அதன் மேலும் கீழும் டஸ்டரின் விளிம்பைப் பிடித்து இரண்டு கிடைக்கோடுகள் இழுத்தார். "வளையி இந்தப் பட்டைக்கு வெளியே போகக் கூடாது. அதற்கு நீங்கள் இந்தப் புள்ளிக்கு எவ்வளவு கிட்டப் போக வேண்டும்?" என்று கேட்டார். பிறகு பட்டையை ஒடுக்கினார். இன்னும் ஒடுக்கினார். கணிதத்தில் ஒரு சொல்லின் பொருள் கண் முன்னாலேயே இறுகிவருவதை நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். என் மாணவர்களுக்கு நம்பிக்கை ஆயிடையை, அதாவது மாதிரியை வைத்து உண்மைப் பெறுமானத்துக்கு மதிப்பிடும் வீச்சை, விளக்கும்போது இன்றும் அந்த இரண்டு கோடுகள்தான் என் கையில் வருகின்றன.

அவருக்கு இப்போது 63 வயது. இன்னும் இரண்டு வருடங்களில் ஓய்வு. அவருடைய வகுப்பின் கடைசி வாங்கில் நான் அமர்ந்து, "மாணவர்களைப் பங்குபற்றச் செய்தாரா" என்ற வினாவுக்கு எதிரே 1 முதல் 5 வரையுள்ள கட்டங்களில் ஒன்றில் சரியடையாளம் இட வேண்டும். இப்படி 14 வினாக்கள். அடியில் "ஏனைய கருத்துகள்" என்று இரண்டு வரிகள்.

எல்லாவற்றுக்கும் 5 போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏனென்றால், இந்த முறை வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து பேசியவர்களில் நானும் ஒருத்தி. மாணவர் பின்னூட்டலை மட்டும் வைத்து ஒருவரின் கற்பித்தலை எடைபோடுவது தவறு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒருவருக்கு 4.1, மற்றவருக்கு 4.3, ஆகவே மற்றவர் மேல் என்று எழுதுகிறார்கள். 1, 2, 3, 4, 5 என்பவை அங்கே வரிசையைக் காட்டும் அடையாளங்கள். அவற்றைக் கூட்டிப் பிரித்து இடை எடுப்பதில் பொருளில்லை என்று பேர்க்லியின் புள்ளிவிபரவியலாளர் பிலிப் ஸ்டார்க் 2014 இலேயே வாதிட்டிருக்கிறார். பொப் உட்டிலும் அவருடைய சகாக்களும் 2017 இல் முந்தைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மீண்டும் கணித்துப் பார்த்தார்கள். மாணவர் கொடுக்கும் புள்ளிக்கும் மாணவர் உண்மையில் கற்ற அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. பின்னால் இருப்பவர்களுக்குக் குரல் கேட்டதா, வேகம் அதிகமா, கேள்வி கேட்கப் பயமாக இருந்ததா என்பதை மாணவர்தான் சொல்ல முடியும். ஆனால் பாடத்திலிருந்து பத்து வருடங்களுக்கு முன்பே நீக்கியிருக்க வேண்டிய பகுதி எது, பரீட்சை வினா பாட நோக்கத்தோடு பொருந்துகிறதா என்பதை, அந்தப் பாடத்தை அறிந்த இன்னொருவர்தான் பார்க்க முடியும். இதை நம்பித்தான் கூட்டத்தில் பேசினேன். என் முறை வந்தவுடன் பொய்யாக 5 போட்டால் நான் பேசியதற்கு என்ன மதிப்பு?

மறுபக்கம், இத்தனை வருடங்களில் அவர் முன்னால் கதிரையில் சாய்ந்துகூட நான் அமர்ந்ததில்லை. அவர் நின்றால் நானும் நிற்பேன். அப்படிப்பட்டவருக்கு 3 என்று எழுத என் கை வராது.

படிப்பித்தவரைப் படித்தவர் மதிப்பிடும் நிலை உங்களில் யாருக்காவது வந்ததா? மறுத்தீர்களா? எழுதினீர்களா? எழுதியதை அவரிடம் எப்படிக் கொடுத்தீர்கள்?


தகுதிகாண் எழுதியது:

அக்கா, நான் மறுகரையில் நிற்பவன். தகுதிகாண் விரிவுரையாளர், இது மூன்றாவது வருடம். முன்பு இன்னோர் இடத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம்.

அங்கே ஒரு நாள் காலை எட்டு மணி வகுப்புக்குச் சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவர் முன்னறிவித்தல் எதுவும் இல்லாமல் வந்து பின்னால் அமர்ந்தார். அன்று மின்சாரம் இல்லை. இரவிரவாக இருந்து தயாரித்த படவில்லைகளால் பயனில்லை. வெண்கட்டி தேடி இரண்டு மண்டபங்களுக்கு ஓடினேன். பத்து நிமிடங்கள் போய்விட்டன. அதன் பிறகு பலகையில் எழுதியே பாடத்தை முடித்தேன். பிள்ளைகள் வழமையைவிட அதிகமாகக் கேள்வி கேட்டார்கள். அது நல்ல வகுப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். படிவத்தில் நேர முகாமைத்துவத்துக்கு 2 புள்ளி. கருத்து: "மேலும் முன்னேற வேண்டும்." எதில் முன்னேற வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. அவரைக் கண்டு கேட்க எனக்குத் துணிவும் வரவில்லை. அந்தத் தாள் என் கோப்புக்குள் போனது. அடுத்த நேர்முகத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் முதல் கேள்வியைக் கேட்டார்கள்.

யாருடைய வகுப்புக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போங்கள், அக்கா. எழுதியதை முதலில் அவரிடம் காட்டுங்கள். அந்தத் தாள் பதவி நிரந்தரமாக்கும் கோப்புக்கோ பதவி உயர்வுக் கோப்புக்கோ போகுமா என்பதை வகுப்புக்கு முன்பே துறைத்தலைவரிடம் கேட்டுவிடுங்கள். போகும் என்றால் ஒருவரும் தன் உண்மையான வகுப்பைக் காட்ட மாட்டார். ஒத்திகை பார்த்த வகுப்பைத்தான் காட்டுவார். அதைப் பார்த்து யாருக்கு என்ன பயன்?


கொக்குவில் வாசி எழுதியது:

பிள்ளை, நான் 31 வருடங்கள் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். நீங்கள் கேட்ட நிலையில் நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போனேன். அங்கே உயர்கல்வித் தர உறுதிப்பாட்டு முகவரகம் 1997 இல் தொடங்கியிருந்தது. பாடம் பாடமாகப் பரிசோதகர்கள் வந்து போய்க்கொண்டிருந்த காலம். ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்ப்பது அப்போது அங்கே பரவிக்கொண்டிருந்தது. என் மேற்பார்வையாளர் பெரிய மனிதர். ஒரு நாள் தன் முதலாம் வருட வகுப்புக்கு வந்து இருக்கும்படி என்னைக் கேட்டார். நான் அவருடைய ஆய்வு மாணவன், அதுவும் ஊரை விட்டு முதன்முதலாக வெளியே வந்தவன். தயங்கினேன். அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "நான் வரைபடத்தைக் காட்டிப் பேசும்போது பிள்ளைகள் வரைபடத்தைப் பார்க்கிறார்களா, என் முகத்தைப் பார்க்கிறார்களா? அதை மட்டும் எனக்குப் பார்த்துச் சொல்."

எனக்கு உடனே பாரம் இறங்கியது. கேள்வி அவருடையது, அவருக்குப் பின்னால் ஒரு சோடிக் கண்கள் தேவைப்பட்டன, அந்தக் கண்களை நான் கொடுத்தேன், அவ்வளவுதான். பிள்ளைகள் வரைபடத்தைப் பார்க்கவில்லை, அவர் வரைபடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார் என்று அன்று மாலை சொன்னேன். அடுத்த கிழமை மேசையை நகர்த்திவிட்டு மறுபக்கம் நின்று பேசினார்.

ஆகவே நான் சொல்லக்கூடியது இதுதான். சேரிடம் போங்கள், படிவத்தைக் கொண்டுபோகாதீர்கள். "சேர், உங்களுக்குப் பின்னால் இருந்து எதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்?" என்று கேளுங்கள். முப்பது வருடங்கள் படிப்பித்த எந்த மனிதரிடமும் அப்படியொரு கேள்வி உள்ளே கிடக்கும். கேட்பதற்கு ஆள் இல்லாமல் கிடக்கும்.

டேவிட் கோஸ்லிங் என்பவர் 2002 இல் இந்த வகுப்புப் பார்த்தலை மூன்றாக வகுத்தார். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஒன்று. கற்பித்தலில் பயிற்சி தருபவர் வந்து பார்த்து வழிகாட்டுவது இன்னொன்று. சமமான இருவர் மாறி மாறிப் பார்த்துக் கலந்து பேசுவது மூன்றாவது. எங்கள் இடங்களில் நடக்கும் தவறு, மூன்றாவதன் பெயரைச் சொல்லிக்கொண்டு முதலாவதன் படிவத்தைக் கையில் கொடுப்பது. மேலே தம்பி எழுதியிருப்பதும் அந்த வேதனையைத்தான். 2015 இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கற்கைநெறி மீளாய்வுக் கைநூலை வெளியிட்ட பிறகு, கற்கைநெறியை மதிப்பிட வரும் மீளாய்வுக் குழுவுக்குக் காட்டுவதற்குச் சான்று தேவைப்படுகிறது. அதில் பிழையில்லை. ஆனால் பேச்சு நடந்தது என்பதற்கு ஒரு சான்று இருந்தால் போதும். பேசியது என்ன என்பது இருவருக்கும் உரியது.

இன்னொன்று. ஆய்வில் நாங்கள் ஊரோடு வாழ்கிறோம், வகுப்பில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே வாழ்கிறோம் என்ற பொருளில் அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1993 இல் எழுதினார். எண்ணிப் பாருங்கள். ஒரு கட்டுரையை இரண்டு பேர் வரிவரியாக வாசிக்காமல் சஞ்சிகை ஏற்காது. மூன்று கிரெடிட் பாடம் 45 மணித்தியாலம் நடக்கிறது. அதில் ஒரு மணித்தியாலத்தைக்கூடச் சக விரிவுரையாளர் பார்ப்பதில்லை. என் 31 வருடங்களில் ஊரில் என் வகுப்புக்குள் சகா ஒருவர் வந்து அமர்ந்தது நான்கே தடவைகள். அந்த நான்கும் எனக்கு நாள் கிழமையோடு நினைவிருக்கின்றன.

கடைசியாக, அவருடைய வகுப்பைப் பார்க்கும்போது அவருடைய காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். அவர் இளம் விரிவுரையாளராகப் படிப்பித்தது தொண்ணூறுகளில். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் குறிப்பெழுதினோம். கடதாசிக்குத் தட்டுப்பாடு, புத்தகம் வருவதற்கு வழியில்லை. பொது நூலகம் 1981 இல் எரிந்த ஊர் இது. 1995 ஒக்ரோபர் 30 இல், போரால் வலிகாமப் பகுதியே வீடுகளை விட்டு எழுந்து நடந்தபோது எத்தனை பேரின் விரிவுரைக் குறிப்புகள் வீடுகளில் கிடந்து அழிந்தன! பாடம் முழுவதையும் பலகையில் எழுதிப் பிள்ளையின் கொப்பியில் ஏற்றிவிடுவது பழைய பாணி என்று இன்றைய பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கொப்பிதான் பிள்ளையின் ஒரே புத்தகம். பழக்கத்துக்குப் பின்னால் காரணம் இருந்தது. காரணம் போன பிறகும் பழக்கம் நின்றிருந்தால், அதை அன்போடு சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?


இரணைமடு எழுதியது:

நான் கிளிநொச்சியில் படிப்பிக்கிறேன். கேள்வியை அவரே தரட்டும் என்று ஐயா சொன்னதற்கு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன்.

எங்கள் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடப்பவை. முன்னால் இருப்பவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் உயர்தரம் படித்து வந்த பிள்ளைகள். பருத்தித்துறைப் பிள்ளைக்குப் பக்கத்தில் மாத்தறைப் பிள்ளை இருக்கும். கடினமான இடம் வந்தால் என்னை அறியாமல் தமிழுக்குப் போய்விடுவேன். அது எவ்வளவு நடக்கிறது என்று பார்க்கச் சொல்லி ஒரு நண்பரை அழைத்தேன். 50 நிமிடங்களில் ஒன்பது தடவைகள். அவர் எண்ணியதோடு விடவில்லை. ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம் மூன்றாவது வாங்கில் நான்கு பேனாக்கள் நின்றதைக் குறித்திருந்தார். ஒரு தடவை அங்கிருந்த பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்த்தாளாம். அங்கேயும் ஒன்றும் எழுதப்படவில்லை.

அந்த வரியை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மூன்று வருடங்களாக அந்தப் பக்கம் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

தமிழில் சொல்வதை நான் விடவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் அது தேவை. இப்போது முதலில் ஆங்கிலத்தில் ஒரு முழு வசனமாகப் பலகையில் எழுதிவிடுகிறேன். அதன் பிறகு தமிழில் விளக்குகிறேன். அதே கருத்துக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று அந்த வாங்கிலேயே கேட்டு அதையும் பக்கத்தில் எழுதுகிறேன். 14 கட்டங்கள் கொண்ட படிவத்தில் இது எந்தக் கட்டத்துக்குள் வரும்?


முற்றத்து வேம்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமைகள் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

முதலில் தம்பி சொன்னபடி துறைத்தலைவரிடம் போனேன். மீளாய்வுக்குத் தேவையானது, மதிப்பீடு நடந்தது என்பதற்கான சான்று மட்டுமே என்று அவர் ஒப்புக்கொண்டார். அரைப்பக்கத் தாள் ஒன்று எழுதினோம்: திகதி, பாடம், இருவரும் சந்தித்துப் பேசினோம் என்ற ஒரு வசனம், ஒவ்வொருவரும் மாற்றிப் பார்க்கப்போகும் ஒரு விடயம், இரண்டு கையொப்பங்கள். புள்ளி இல்லை. இந்த அரையாண்டு விரும்பியவர்கள் இதைப் பயன்படுத்தலாம் என்றார்.

பிறகு சேரிடம் போனேன். சிற்றுண்டிச்சாலையில் வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கொக்குவில் ஐயா சொல்லித்தந்த கேள்வியை அப்படியே கேட்டேன். "பின்னால் இருப்பவர்களுக்கு என் குரல் எட்டுகிறதா என்று பார், பிள்ளை. முந்தியைப் போல இல்லை" என்றார். சரியென்று எழுந்தேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னை மறித்தார். "அது போகட்டும். நான் கேள்வி கேட்டால் இப்போதைய பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. உங்கள் ஆண்டுப் பிள்ளைகள் அப்படி இருக்கவில்லை. ஏன் என்று பார்."

செவ்வாய்க்கிழமை பத்து மணி வகுப்பு. கடைசி வாங்கில், யன்னலோரம் அமர்ந்தேன். ஒரு வெறுந்தாளில் இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் கண்டதும் கேட்டதும். நல்லது, கெட்டது என்ற சொற்களை எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

அதே வளையி. டஸ்டரின் விளிம்பில் அதே இரண்டு கோடுகள். 10.31 க்கு அவர் பட்டையை ஒடுக்கத் தொடங்கியபோது, எனக்கு முன்னால் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த இருவரும் தலை நிமிர்ந்தார்கள். அதையும் எழுதினேன். 24 வருடங்கள் கழித்தும் அந்தப் பட்டை ஒரு மண்டபத்தையே இழுத்து நிறுத்துகிறது.

ஆனால் கேள்வி கேட்கும் இடங்களில் நான் விநாடிகளை எண்ணினேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடிகள் பொறுத்தால் விடைகள் நீள்கின்றன, வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ எழுபதுகளில் கண்டு சொன்னார். சேர் அன்று "விளங்குகிறதா?" என்பதோடு சேர்த்து ஏழு தடவைகள் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். மிக நீளமான காத்திருப்பு இரண்டு விநாடிகள். அதைவிட முக்கியமானது அவருடைய வலது கை. கேள்வி வாயில் இருக்கும்போதே கை டஸ்டரை எடுத்துப் பலகையை அழிக்கத் தொடங்கிவிடுகிறது. 10.44 க்கு, நான்காம் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். காதளவுக்கு வந்த கை, பலகையில் அந்த இரண்டு கோடுகளும் அழிவதைக் கண்டதும், தலைமயிரை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. அவர் பலகைப் பக்கம் திரும்பியிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அறைக்குப் போய்த் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதையும் வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். பென்சிலை எடுத்து 10.44 என்பதன் கீழே கோடிட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார்.

"அந்த நாளில் ஒரு சின்னப் பலகைதான்" என்றார். "எழுதி முடிய அழிக்காவிட்டால் பாடம் முடியாது. பிள்ளைகளும் எழுதுவதற்குத்தான் வந்தார்கள், எங்கேயும் புத்தகம் இல்லை. கை அப்படியே பழகிவிட்டது." பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்தப் பிள்ளை யார்?"

"பெயர் தெரியாது சேர். நான்காம் வாங்கு, சுவர்ப் பக்கம்."

அதையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். தாளை மடித்துத் தன் விரிவுரைக் குறிப்புக் கொப்பிக்குள் வைத்தார். என்னிடம் பிரதி இல்லை. இருக்கவும் தேவையில்லை.

அடுத்த கிழமை அவர் என் வகுப்புக்கு வந்தார். மாதிரி இடையின் பரம்பல் பற்றிய பாடம், அதாவது மாதிரிகளைத் திரும்பத் திரும்ப எடுத்தால் அவற்றின் சராசரிகள் எப்படிப் பரவி நிற்கும் என்பது. எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். வேகம் சரியா என்று பார்க்கும்படி சொன்னேன். வகுப்பு முடிந்து விறாந்தையில் நின்று சொன்னார்: "வேகத்தில் பிழையில்லை. 41 படவில்லைகள் காட்டினாய். ஒன்றையும் கையால் வரையவில்லை. பரம்பல் வந்து நிற்பதைப் பிள்ளைகள் கண்டார்கள். அது எங்கேயிருந்து வந்தது என்று காணவில்லை."

இந்த இழையின் தொடக்கத்தில், சேரின் இரண்டு கோடுகள்தான் இன்றும் என் கையில் வருகின்றன என்று எழுதியிருந்தேன். வீட்டுக்குப் போய்ப் படவில்லைகளைத் திறந்து பார்த்தேன். இரண்டு கோடுகளும் இருக்கின்றன, 27 ஆவது படவில்லையில், நீல நிறத்தில், முன்பே வரைந்தபடி. நான் அவற்றை இழுப்பதை என் மாணவர் ஒருவர்கூட இத்தனை வருடங்களில் பார்த்ததில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இந்தக் கிழமை ஒரு பெட்டி வெண்கட்டியும் நாற்பது துண்டுக் கடதாசிகளும் கொண்டுபோனேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தொகுதி எண்களிலிருந்து ஐந்தைக் கண்ணை மூடி எடுத்து, இடையைக் கணித்து, பலகையில் வந்து ஒரு புள்ளி வைத்தார்கள். புள்ளிகள் நடுவில் குவிந்துகொண்டு வந்தன. நேரம் போதவில்லை, இரண்டு தலைப்புகள் பின்தங்கிவிட்டேன். அதை எப்படி ஈடுசெய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேற்றுச் சேரின் மண்டபத்தைத் தாண்டி விறாந்தையால் போனேன். கேள்வியைக் கேட்டுவிட்டு, டஸ்டரை மேசையில் வைத்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பைப் பார்த்து நின்றார். நான் நிற்காமல் நடந்தேன். யார் பேசினார்கள் என்று கேட்கவில்லை.

அரைப்பக்கத் தாளில் சேர் எழுதியது: "கேள்வி கேட்டபின் பலகையை அழிப்பதில்லை." நான் எழுதியது: "ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றையாவது கையால் வரைவது." இருவரும் கையொப்பமிட்டோம். கோப்புக்குப் போனது அது மட்டும்தான்.

தம்பி, நீங்கள் யாழ்ப்பாணப் பக்கம்தான் என்றால், வியாழக்கிழமை காலையில் எனக்கு வகுப்பு இல்லை. உங்கள் துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், வருகிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் எழுதி அனுப்புங்கள்.